இந்தப் பக்கமா வாங்க

— ஏண்ணா, பத்தரைக்கெல்லாம் வந்து என் பக்கத்துல உக்காந்துக்கிறேன்னியே, மணி பதினொண்ணு ஆகப்போகுது!

— கிளம்பி ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்துட்டேன், வாலு. திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. ஊர்ல பாதிப் பேருக்கு நெட் தகராறு.

— அதான் கோர்ட் வீடியோ வராம சுத்திக்கிட்டே இருக்கா? நான் மோடத்தைப் போட்டு நாலு தட்டு தட்டினேன்.

— மோடம் பாவம், விடு. போன்ல பாத்தியா?

— போன் நெட்லயும் இதே சுத்தல். வக்கீலம்மாவுக்கும் சுத்துதாம். கோர்ட் ஆபீஸ் நம்பர் எங்கேஜ்டாவே இருக்கு. பதினொண்ணுக்கு என் பேரைக் கூப்பிடுவாங்கண்ணா. மூணாவது வாய்தாவுக்கும் வரலைன்னா பாப்பா அவ அப்பாகிட்டதான்னு ஜட்ஜம்மா போன தடவையே கறாரா சொல்லிட்டாங்க.

— இரு இரு. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

— என்னதான் ஆச்சு?

— ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்குகிட்ட, "இன்ன இடத்துக்குப் போகணுமா, என் வழியா வா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அது கேட்டு அடுத்ததுக்குச் சொல்லும். அப்படித்தான் எல்லாத்துக்கும் வழி தெரியுது. இன்னிக்கு ஒரு சின்ன நெட்வொர்க், கோர்ட்டுக்கு என் வழிதான் கிட்டன்னு தப்பா சொல்லிடுச்சு. எல்லாம் அங்க போய்க் குவிஞ்சு மூச்சுமுட்டி நிக்குது.

— சொன்னா உடனே நம்பிடுறதா? விசாரிக்க மாட்டாங்களா?

— பக்கத்துல இருக்கறவன் சொன்னா பெரும்பாலும் நம்பிடும்.

— நல்லா இருக்கே! நான் பிள்ளைக்கு ஒழுங்கா சோறு போடறதில்லைன்னு அவர் சொன்னதையும் தெரு பூரா இப்படித்தான் நம்புச்சு.

— அழாத, வாலு.

— யாரு அழறா? தப்பா சொன்னதை இல்லைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

— சொல்லியாச்சு. அதுவும் ஒண்ணு மாத்தி ஒண்ணுக்குப் போய்ச் சேரணும். பெரிய நெட் கம்பெனி ஒண்ணு இன்னும் பழசையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. போன் பண்ணினா, பெரியவர் மீட்டிங்ல இருக்கார், அவர் சொல்லாம தொட முடியாதுங்கறாங்க.

— அப்போ பாப்பாவோட அப்பாவுக்கும் வீடியோ வராதுல்ல? ரெண்டு பேருமே இல்லைன்னா தள்ளி வெப்பாங்கல்ல?

— அவர் இருக்கற ஊருக்கு வேற வழி. அவருக்கு ஒழுங்கா வரும்.

— ஐயோ! அண்ணா, மணி பதினொண்ணு அஞ்சு. ஏதாவது பண்ணு! உன் வேலைதானே இது!

— என் கையில இருந்ததெல்லாம் பண்ணிட்டேன்டி. இனிமே அவங்க கேட்டாத்தான் உண்டு.

— பாப்பா ஜட்ஜம்மாவுக்குக் காட்டணும்னு படம் வரைஞ்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எப்போம்மா, எப்போம்மாங்கறா. என்னன்னு சொல்ல?

— இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லு. அவங்களுக்குத் திரும்பப் போன் போடறேன்.

— இரு... வந்துடுச்சு! அண்ணா, கோர்ட் தெரியுது!

— பேசு, உடனே பேசு!

— அவர் சிரிச்சுக்கிட்டே கும்பிடு போடுறாரு. ஜட்ஜம்மா அடுத்த கேஸைக் கூப்பிடுறாங்க. அண்ணா... முடிஞ்சு போச்சுண்ணா.

— வக்கீலம்மாகிட்ட பேசு. திரும்ப மனு போடலாம்.

— மனு போட்டு, அது நடந்து, அதுவரைக்கும் என் பிள்ளை அங்கயா? எந்தப் படுபாவிண்ணா அந்த நெட்வொர்க்ல அப்படிச் சொல்லி வெச்சது? அவன் நல்லா இருப்பானா?

— நான்தான்டி. எங்க நெட்வொர்க் எதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்கற பட்டியலைப் போடாமலே பத்தே காலுக்கு வேலையை முடிச்சுட்டு எழுந்துட்டேன், பத்தரைக்கு உன் பக்கத்துல உக்காரணும்னு.