பூசானில் டாக்சி

லா சப்பல் மெற்றோவின் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள்.

“வென்ச்சொக் எண்டால் இடப்பக்கம், ஒருன்ச்சொக் எண்டால் வலப்பக்கம். எத்தினை தரம் அண்ணை சொல்லுறது? கொரியா டாக்சிக்காரனுக்கு பிரெஞ்சு விளங்காது,” என்றார் இளையவர்.

“வியாழன் காலமை பூசானிலை கப்பல் ஏறாட்டில் வேலை போச்சு, தம்பி. ஊர் தெரியாத நான் என்னெண்டு இடம் வலம் சொல்லுறது? துறைமுகத்துக்குக் கொரியா பாஷையிலை என்ன சொல்லு?”

“அது தெரியாது.”

“நீ ரெண்டு வருசம் கொரியாக் கப்பலிலை நிண்டனியெல்லே!”

“ஓம். துறைமுகத்துக்கு எங்களைக் கொம்பனி வான்தான் ஏத்திக்கொண்டு போறது.”

“அப்ப இவ்வளவு நேரமும் என்னத்தையடா பாடமாக்கினனான்?”

“கோவிக்காதேங்கோ அண்ணை. டாக்சிக்காரனுக்குக் கடதாசியிலை ஒரு கப்பலைக் கீறிக் காட்டுங்கோ.”