பையனோட உசரம்

உசரம்தான் நைனா கேட்டேன். உங்க பையனோட உசரம் இன்னா? தெரியாதா? செரி, வுடுங்க, அப்புறம் சொல்றேன். குந்துங்க. உலகநாதன் மொதலாளி சோறு துண்ணப் போயிருக்காரு, வர அரை மணி நேரமாவும். அதுக்குள்ள பத்திரத்த நான் எழுதி வெக்கணும்.

உங்க பேரு அருணகிரி. ஊரு திருப்போரூர். மாமல்லபுரம் ரோட்டோரம் சவுக்குத் தோப்பு, ஒண்ணே கால் ஏக்கரு. நாலாயிரம் ரூபா. எதுக்குன்னு பத்திரத்துல எழுத வேணாம், ஆனா எனக்குத் தெரியும். பையன் பி.ஏ. முடிச்சிட்டான், மெட்ராஸ்ல குற்றவியல் எம்.ஏ. சேரணும்ன்றான். ரெண்டு வருசம். முடிச்சா நேரா சப் இன்ஸ்பெக்டரு. அதான?

நானும் அதத்தான் படிச்சேன். கியாசுதீன், எம்.ஏ. ஏன் சிரிக்கிறீங்க? மெய்யாத்தான். செங்கல்பட்டு ரிஜிஸ்தர் ஆபீஸ் வராண்டாவுல குந்திகினு பத்திரம் எழுதுறவங்கள்ல எம்.ஏ. நான் ஒருத்தன்தான்.

எங்க அத்தா ஜெயினுலாபுதீன் கோவளத்தாண்ட ரெண்டு ஏக்கரு சவுக்கு வெச்சிருந்தாரு. வட்டின்னா தொடமாட்டாரு. ஹராம். வட்டிக்கு வுடுறவன் கடையில டீ கூட குடிக்க மாட்டாரு. என் படிப்புக்கு பேங்குல கேக்கலாம்னேன், அதுவும் வட்டிதானேன்னுட்டாரு. அப்பதான் இதே மொதலாளி சொன்னாரு, பாய், வட்டியே வேணாம், கெடு வெச்சுக் கிரயம் எழுதுங்க. நாலாயிரத்துக்குத் தோப்ப நான் வாங்கிக்கிறேன். அஞ்சு வருசத்துல அதே நாலாயிரத்தக் குடுத்தா தோப்பு மறுபடி உங்களுது. ஒரு பைசா கூடக் கேக்க மாட்டேன். அத்தா மொகத்துல அன்னிக்கு அப்டி ஒரு நிம்மதி. பாவம் ஒட்டாத கடன்னு நெனச்சிட்டாரு. இப்ப நீங்க சொன்னீங்களே, வட்டி இல்லன்னுதான் தைரியமா வந்தேன்னு, அதே மாதிரி.

வட்டிக்கு வாங்கியிருந்தா வட்டியக் கட்டிகினே கொஞ்ச நாள் இழுத்திருக்கலாம். இது கெடு. அந்தத் தேதி தாண்டுனா தோப்பு அவருது.

கணக்கு போட்டுப் பாருங்க. மொத்தம் அறுவது மாசம். படிக்கவே இருவத்திநாலு போச்சு. மிச்சம் முப்பத்தாறு. இங்க எனக்குச் சம்பளம் தொண்ணூறு ரூபா. படிப்பு முடிச்ச மறுநாளே வேல கெடச்சு, ஒரு வாய் சோறு துண்ணாம, ஒரு பீடி குடிக்காம சேத்து வெச்சாலும் மூணாயிரத்து எரநூத்தி நாப்பது. எழுநூத்தி அறுவது கொறையுது. பட்டினி கெடந்தும் கொறையுது நைனா.

போலீஸ் வேலைக்கா? போனேனே. மைதானத்துல செவுத்தாண்ட நிக்க வெச்சு அளந்தாங்க. அஞ்சடி ஆறங்குலம் வேணும். நான் அரை அங்குலம் கொறைச்சல். எம்.ஏ. படிச்சிருக்கேன் சார்னேன். அத தலைல வெச்சிகினு நில்லுய்யா, எட்டுதான்னு பாப்போம்னான் அளந்தவன். வரிசையே சிரிச்சுது. எங்க அத்தா இருக்காரே, நிக்கிற சவுக்கக் கண்ணால பாத்தே இத்தினி அடின்னு சொல்லிருவாரு. வியாபாரி வெட்டி அளந்தா ஒரு விரக்கட மாறாது. அவ்ளோ மரத்த அளந்த மனுசன், தோப்ப எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடி என்னைய ஒரு தபா செவுத்தாண்ட நிக்க வெக்கல. எனக்கும் தோணல.

வேற வேலையா? கீது. ஜெயிலு, நன்னடத்தை ஆபீசருன்னு சொல்லுவாங்க. எப்பவோ ஒரு எடம் காலியாவும், எங்கூடப் படிச்ச அத்தினி பேரும் அதுக்குத்தான் நிப்பாங்க. எம்ப்ளாய்மென்ட் கார்ட நாலு வருசமா புதுப்பிச்சிகினு கீறேன்.

தோப்பு போன வருசம் போச்சு. கெடு முடிஞ்ச மறுநாள் காலைலயே வெட்ட ஆள் வந்துட்டாங்க. இப்ப அத்தா அங்கதான், வெட்டுன மரத்த எண்ணுறாரு, கூலிக்கு. ஏன் அத்தா போறன்னு கேட்டா, எனக்குத்தான்டா எண்ணிக்க தப்பாதுன்றாரு.

அப்புறம் ஏன் இவருகிட்டயே வேல பாக்குறன்னு கேக்குறீங்க. வேற யாரு குடுக்குறா? அதில்லாம மேல்வரும்படியும் கீது. ஒரு பத்திரத்துக்குப் பத்து ரூபா. எழுதுறதுக்கு இல்ல, ஆளக் கொண்டாறதுக்கு. ரோட்டோரத்துல தோப்பு, வூட்ல பி.ஏ. முடிச்ச புள்ள, ரெண்டும் எந்த வூட்ல ஒண்ணா கீதுன்னு பாக்கணும். இஸ்திரி போட்ட பேன்ட்ட மாட்டிகினு போவேன். எம்.ஏ.ன்னா போதும், புள்ளைங்க கண்ண எடுக்காம கேக்கும்.

திருப்போரூர் கொளத்தாண்ட பேன்ட் போட்ட ஒரு அண்ணன் இந்தப் படிப்பப் பத்தி சொன்னாருன்னு உங்க பையன் வூட்ல சொல்லியிருப்பானே. சொன்னானா? ம். அது நான்தான்.

இதுவரைக்கும் நாலு பத்திரம் ஆச்சு. அந்த நாலு பேருகிட்ட இதெல்லாம் சொல்லல. உங்களுது அஞ்சாவுது. பத்து ரூபாய நேத்தே வாங்கிட்டேன், இதோ ஜோபில கீது.

உசரம் கேட்டேன்ல, தெரியாம கேக்கல. உங்க பையன் அன்னிக்கு என் பக்கத்துலதான் நின்னான். என் காது வரைக்கும்தான் வந்தான். பாத்துகினேதான் பேசினேன்.

அதோ, மொதலாளி வராரு. பத்திரத்துல இன்னும் உங்க பேர மட்டும்தான் எழுதியிருக்கேன். எழுதட்டா, எந்திரிக்கிறீங்களா?