ஞாயிறு வரை இருங்கள் என்றேன்

சனிக்கிழமை. காலை ஐந்து நாற்பது. ஓடிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூங்கில் சரிவு. என் கையில் மெர்சியின் கை. பதினொரு வயது. என் மருந்தறையில் உதவிக்கு இருக்கும் ரூத்தின் ஒரே மகள். எனக்குப் பின்னால் என் கணவர் சாமுவேல். அவருக்கும் பின்னால் ரூத்.

முதல் சத்தம் கண்டெய்னரைத் தரையில் போட்டதுபோல இருந்தது. திருவொற்றியூரில் அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். அரை நொடி, வீட்டில் இருப்பதாகவே நினைத்தேன். இரண்டாவது சத்தத்துக்கு முன்னால் ஒரு விசில். பிறகு மண் பெய்கிறது.

"எஸ்தர், குனி! குனிஞ்சிகினே ஓடு!"

சாமுவேல் கத்துகிறார். குனிகிறேன். மூன்றாவது குண்டு விழுகிறது. திரும்பிப் பார்க்கிறேன். ரூத் மேலே ஏறிக்கொண்டிருக்கிறாள். நடக்க முடியாத அவள் மாமியார் இன்னும் வீட்டுக்குள். மெர்சி அம்மாவைக் கூப்பிடுகிறாள். நான் அவள் கையை விடவில்லை. ரூத்தை நான் கூப்பிடவில்லை.

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. வடகிழக்கு மலை. எல்லை ஓரம். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் ஊழியக்காரர்கள். சாமுவேல் முன்பு எண்ணூர்ப் பக்கம் வெல்டர். நான் நர்ஸ். எங்கள் சின்னச் சபைதான் எங்களை அனுப்பியது. ஆறு வருடம் அங்கே இருந்தோம். அவர் பள்ளிக்கூடம் நடத்தினார். நான் காய்ச்சலும் பிரசவமும் பார்த்தேன். பிறகு மலையில் இரண்டு கூட்டத்தாருக்குச் சண்டை மூண்டது. ஊர் மொத்தமும் அடிவாரத்து முகாமுக்கு இறங்கியது. நாங்கள் ரயில் ஏறினோம்.

ஏழு மாதம் எர்ணாவூரில் என் அண்ணன் வீட்டில் இருந்தோம். சாமுவேல் பழைய பட்டறையில் வேலைக்குப் போனார். ஞாயிறுதோறும் சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மலை, குளிர், பிரசவங்கள். பெண்கள் அழுதார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைக்க மாட்டேன். ஒரு ஞாயிறு, ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஜனங்களை எப்படி விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டார்.

அந்த வாரமே ரூத் முகாமிலிருந்து போன் செய்தாள். கூரையில் தண்ணீர் ஒழுகுகிறதாம். மேலே கொஞ்சம் அடங்கிவிட்டது என்கிறார்களாம். நீங்கள் வந்தால் நாங்களும் ஏறிவிடுவோம் என்றாள்.

வருகிறோம் என்றேன். சாமுவேலைக் கேட்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது அவர் எண்ணம். நான் பிடிவாதம் பிடித்தேன். அண்ணன் ராயபுரத்தில் மீன் ஏலம் விடுபவர். ஜெபத்துக்கெல்லாம் வரமாட்டார். அவருக்குத்தான் புரிந்திருந்தது.

"இன்னாமே, அங்க துப்பாக்கி கீதுன்னு நீதான சொன்ன? உன்ன நம்பி அதுங்களும் மேல ஏறும். அப்பால எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

போனோம். நாங்கள் ஏறிய மறுநாள், ஊரின் இருபத்தாறு வீட்டாரில் ஒன்பது குடும்பங்கள் ஏறி வந்தன.

இருபத்து மூன்று நாள் இருந்தோம். காலை ஐந்தரைக்கு எழுவோம். ஊற்றிலிருந்து தண்ணீர். கொதிக்கவைத்து இறக்கினால் ஆறரை. ஏழு மணிக்கு மணி அடிப்பார் சாமுவேல். பதினாறு பிள்ளைகள். கூரைக்குத் தகரம் அடித்தார். யோனா என்பவர் பள்ளிக்கூடத்தில் சமைத்தார். சோறு, கீரை, சில நாள் உலர்ந்த மீன். நானும் ரூத்தும் மருந்தறையைக் கழுவினோம். எலி கடித்த பஞ்சை எரித்தோம். கைக்குழந்தைகளை எடை பார்த்தோம். பதினான்காம் நாள் ஒரு பிரசவம். ஆண் குழந்தை. ஊர் திரும்பியபின் பிறந்த முதல் குழந்தை. ஞாயிறு ஆராதனையில் பெயர் வைப்பதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. விறகுக்குப் போனவர்கள் எதிர்மலையில் புது மண் வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பதுங்குகுழி. ரூத் மருந்தறை வாசலில் வந்து நின்றாள். இன்றே இறங்கிவிடலாமா, எல்லாரும் உங்களைக் கேட்டு வரச் சொன்னார்கள் என்றாள்.

அங்கே ஐந்துக்கே இருட்டும்; மூங்கில் சரிவைத் தாண்ட அந்த ஒரு மணி நேரம் போதும். மாமியாரை நாலு பேர் சேர்ந்து தூக்கியிருக்கலாம்.

பெயர் வைப்பு முடியட்டும், ஞாயிறு வரை இருங்கள் என்றேன். ரூத் தலையாட்டினாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு முகாமை அடைந்தோம். மொத்தம் முப்பத்தொரு சத்தம். எண்ணியிருந்தேன். கடைசி ஒன்பதை சாமுவேல் கேட்கவில்லை. அவர் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை அரசுப் படைக்காரர்கள் மேலே போனார்கள். முகாமிலிருந்து ஆறு ஆண்கள் கூடப் போனார்கள். இறங்கி வந்து பெயர்களைச் சொன்னார்கள். வீடுகள் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள்.

மெர்சி என் பக்கத்திலேயே படுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அதைத் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை அவளிடம் சொன்னேன். உன் அம்மா வெள்ளிக்கிழமையே இறங்கலாமா என்று கேட்டாள், நான்தான் இருக்கச் சொன்னேன் என்று.

"தெரியும். அம்மா சொன்னாங்க" என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னாங்க."

இப்போது அவள் முகாமில் தன் சித்தியோடு இருக்கிறாள். நான் எர்ணாவூரில். பேருந்தில் கைக்குழந்தையோடு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்கிறேன்.

போன ஞாயிறு திருவொற்றியூர்ச் சபையில் போதகர் என்னை அழைத்தார். ஒரு சேதமும் இல்லாமல் கர்த்தர் எங்களைக் காத்த விதத்தைச் சொல்லச் சொன்னார். போனேன். மைக்கைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரூத் கேட்டதைச் சொன்னேன். நான் சொன்ன பதிலைச் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் மைக்குக்குக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்.

ரூத். முப்பத்து நான்கு வயது.

அவள் மாமியார். வயது சரியாகத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே.

யோனா. அறுபது. அடுப்பு மூட்ட வந்தவர்.

அவர் மனைவி தமார். அவரைத் தேடி வந்தவர்.

ஆண் குழந்தை. ஒன்பது நாள். பெயர் இல்லை. தாய் உயிரோடு இருக்கிறாள்.

வீடுகள், இருபத்தாறு. பள்ளிக்கூடம். மருந்தறை.

சாமுவேலுக்கு இடது காது.

நான் இழந்தது ஒரு ஜோடி செருப்பு.