வலது பக்கத்து நாப்

— உட்காராதடா, நின்னுக்கிட்டே ஆடுவோம். உட்கார்ந்தா எனக்குக் கை எட்டாது.

— பத்து நிமிஷத்துல முடியப்போற ஆட்டம். நின்னா என்னக்கா, உட்கார்ந்தா என்ன? ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

— உங்க முதலாளி வந்துட்டா?

— ராத்திரி டூட்டி பார்த்தவன் மிஷினைத் துடைச்சுட்டுப் போறான்னு நினைச்சுக்குவாரு. அவ்ளோதான்.

— எனக்கும் அரை மணி நேரம்தான். பக்கத்து வீட்டக்காவை அம்மாகிட்ட உட்கார வச்சுட்டு வந்திருக்கேன். இந்தா பாரு, தெளிவாப் பேசிக்குவோம். வேலை உத்தரவு ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. ஒரே ஃபேக்டரி, ஒரே தேதி. இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிற அம்மாவை ஒத்தையில விட்டுட்டு ரெண்டு பேரும் போக முடியாது.

— அதான் பதினொரு பாயிண்ட். ஜெயிச்சவங்க திங்கக்கிழமை ரயில் ஏறணும். தோத்தவங்க அம்மாவோட இருக்கணும். அவ்ளோதான்.

— கறுப்புத் திரை, ரெண்டு வெள்ளை மட்டை, ஒரு பந்து, மட்டையை நகர்த்தத் திருகுற நாப் ஆளுக்கொண்ணு. இந்த வீடியோ கேம்ல போய் நம்ம தலையெழுத்து.

— வேற எதுல தீர்த்துக்கிட்டோம்? ஃபேனுக்குக் கீழ யார் படுக்கிறது, பாத்திரம் யார் கழுவுறதுன்னு எல்லாம் இந்த மிஷின்லதான முடிவாச்சு? மூணு வருஷமா பாத்திரம் நீதான் கழுவுற.

— ஒரு தடவை நானும் ஜெயிச்சிருக்கேன்.

— மிஷின் வந்த புதுசுல. குருட்டாம்போக்குல.

— வாயை மூடிட்டு பந்தைப் போடு.

— இந்தா. போச்சா? ஒண்ணு.

— ஐயே, மட்டை எங்கயோ ஓடுது.

— ரெண்டு. பந்தைத் தாண்டி ஏன்க்கா போற?

— கை வேர்க்குது. இரு, துடைச்சுக்கறேன்.

— மூணு. ஒழுங்கா ஆடேன்க்கா! நாப்பை என்ன பார்க்குற, திரையைப் பாரு.

— இந்தா பாரு, நான் ஜெயிச்சா உனக்கு நல்லதா கெட்டதா? எதுக்கு இப்படிக் கத்துற?

— கத்தல. ஆடு.

— சரி, ஆடுறேன். பார்த்துக்க.

— அட, மட்டை நுனியில வாங்கிட்ட.

— நடுவுல வாங்கினா நேராப் போகும். நுனியில வாங்கினா வெட்டிக்கிட்டுப் போகும். இது ஒரு பெரிய வித்தையா? இந்தா, இன்னொண்ணு.

— மூணுக்கு ரெண்டு.

— அடிச்சதும் நடுவுக்கு வாடா. மூலையிலயே குடியிருக்க.

— வர்றேன். வேகம் ஏறுது.

— வேகம் ஏறினா கை குறைச்சலா அசையணும். நீ இட்லிக்கு மாவாட்டுற மாதிரி சுத்துற.

— எட்டு எனக்கு. உனக்கும் எட்டா? எப்ப வந்துச்சு?

— நீ பேசிக்கிட்டிருந்தப்ப.

— ஏய், மேல் ஓரத்துல மட்டை எட்டாத விரல்கடை இடம் இருக்கே, அங்க போட்டியா?

— அங்கதான் போட்டேன். ஒன்பது.

— அது அதிர்ஷ்டம்.

— இந்தா, இன்னொரு அதிர்ஷ்டம். பத்து.

— இரு, இரு...

— பதினொண்ணு.

— சரி. பொட்டியைக் கட்டு. ஆனா நீயா ஜெயிச்சேன்னு நினைச்சுக்காத.

— பின்ன யாரு, பக்கத்து வீட்டக்காவா?

— அந்த வலது பக்கத்து நாப் ரொம்ப நாளா லொடலொட. கால்வாசி சுத்து சும்மா சுத்தும், அப்புறம்தான் மட்டை அசையும். அதனாலதான் நான் எப்பவும் இடது பக்கம் நிக்கிறது.

— மூணு வருஷமாவா?

— முதல்ல பசை போட்டு ஒட்டினேன்க்கா, சத்தியமா. நீ ஜெயிச்சது அப்பதான். அடுத்த ஆட்டத்துக்குள்ள பசை விட்டுடுச்சு. நானும் அப்படியே விட்டுட்டேன்.

— இன்னிக்கு?

— நீ வர்றதுக்கு முன்னாடி ரெண்டையும் கழட்டி மாத்திப் போட்டேன். லொடலொட இப்ப என் பக்கம்.

— ஏன்டா?

— அம்மாவைத் தூக்கித் தூக்கி உன் முதுகு போச்சு. சும்மா போன்னு சொன்னா நீ போக மாட்ட. ஜெயிச்சாப் போவ. அவ்ளோதான்.

— மூணாவது பாயிண்ட்லயே தெரிஞ்சுது.

— என்ன தெரிஞ்சுது?

— என் பக்கத்து நாப் லொடலொடக்கலைன்னு. லொடலொடக்குத் தகுந்தபடி முன்கூட்டியே திருப்பிப் பழகின கை. அதான் மட்டை மூணு தடவையும் தாண்டிப் போச்சு.

— லொடலொடன்னு தெரிஞ்சுமா இவ்ளோ நாளும் வலது பக்கம் நின்ன? இன்னிக்கும் வந்து அங்கயே நின்னியே, தோத்திருப்பியே!

— தோக்கத்தான் வந்தேன். உன்னை ரயில் ஏத்தி விடலாம்னு.

— அப்புறம் ஏன் ஜெயிச்ச?

— தோத்தாலும் தாங்கிக்கலாம்னு நீயே முடிவு பண்ணிட்டு வந்திருக்கன்னு தெரிஞ்சுது. இனிமே நான் நிஜமா ஆடலாம்ல?

— என்னக்கா சொல்ற? நான் எப்ப தாங்கிக்காம இருந்தேன்?

— காலேஜை விட்டுட்டு வந்து இங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல, என்கிட்ட தோத்தியே, அன்னிக்குத் தட்டைத் தள்ளி வச்சுட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்த. மறுநாள் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தப்ப, நீ கை கழுவப் போன நேரத்துல, நாப் மறுபடி லொடலொடக்கட்டும்னு அந்தப் பசையை பிளேடால சுரண்டி எடுத்தது நான்தான்டா.