வெளியாள் மரியாதை

— ரோட்டுல ஹெல்மெட் போடுங்கன்னா முடி கலையும்னாரு என் வீட்டுக்காரரு, டாக்டர். இப்பப் பாருங்க, சோத்துப்பானையைக் கவுத்த மாதிரி உங்க தொப்பியை மாட்டிக்கிட்டு மாப்பிள்ளை கணக்கா படுத்திருக்காரு.

— தலையை ஆட்டாம இருக்கச் சொல்லுங்க தோவா அக்கா. ஒலி அலை சரியான இடத்துல போய்ப் படணும்.

— இதே மெஷினைத்தானே என் தங்கச்சி வயித்துல வெச்சாங்க? உள்ளே ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்லுங்க.

— இது பாக்குறது இல்லக்கா. மூளையில அடிபட்டுத் தூங்கிப்போன இடத்தை மெதுவாத் தட்டி எழுப்புறது. நிச்சயம்னு சொல்லமாட்டேன், இன்னும் சோதனையிலதான் இருக்கு. ஆனா கியெம் அண்ணன் கை தேறிடுச்சே. குச்சி பிடிச்சு நூடுல்ஸ் சாப்பிடுறாரு.

— சாப்பிடுறாரு. பக்கத்து மேசைக்காரன் கிண்ணத்துல இருந்து.

— ஞாபகமும் வந்துடும்க்கா.

— அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். முழுசா வரணுமா? பாதியில நிறுத்திக்கலாமா?

— என்னக்கா சொல்றீங்க?

— விழுறதுக்கு முன்னால ஒரு வருஷமா இவரு என்னை 'நீங்க'ன்னுதான் கூப்பிட்டாரு. 'சோறு போடுறீங்களா', 'கதவைச் சாத்துங்க'. குடக்கூலிக்கு வந்தவகிட்ட பேசுற மாதிரி அவ்வளவு மரியாதை. அன்னைக்குப் பையைத் தூக்கிக்கிட்டு, அவரு அக்கா வீட்டோட போயிடுறேன்னு கிளம்பினாரு. ஹான் ஆத்துப் பாலத்துல லாரி மோதிடுச்சு. கண் முழிச்சதும் என்னைப் பாத்து, 'எங்க போயிருந்தே, கண்ணு'ன்னாரு. மண்டை உடைஞ்சாத்தான் புருஷன் கிடைப்பான்னு கல்யாணத்தப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்.

— அலைக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. நல்லதை மட்டும் பொறுக்கி எழுப்ப முடியாது.

— அப்ப இன்னையோட போதும். மீதியை நான் சோறு போட்டுத் தேத்திக்கிறேன். எனக்குப் பயமா இருக்கு டாக்டர்.

— தோவா.

— என்னங்க? வலிக்குதா?

— டாக்டரம்மாவை வேலை செய்ய விடுங்க.

— விடுங்கவா?

— ஆமா. நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உக்காருங்க.

— வந்துடுச்சு டாக்டர். ரொம்ப சந்தோஷம். உங்க மெஷினுக்கு ஊதுபத்தி கொளுத்தி வைக்கிறேன்.

— பாலத்துல என் வண்டி எந்தப் பக்கம் பாத்துக் கிடந்துச்சுன்னு போலீஸ்காரன்கிட்ட கேட்டீங்களா?

— அதை எதுக்குக் கேக்கணும்? உங்க அக்கா வீட்டுக்குப் போற பக்கம்தான்.

— அக்கா வீட்டு வாசல்ல பையோட நின்னேன். உள்ளே போகத் தோணல, திரும்பிட்டேன். லாரி மோதினப்போ நான் உன்கிட்டதான் வந்துக்கிட்டிருந்தேன்.