அண்ணிக்கு எடுத்த கூறைப்புடவை

விலை கேட்பது எனக்குப் பிடிக்கும். வாங்குவது வேறு, விலை கேட்பது வேறு. வாங்கியவன் கையில் ஒரு பையைக் கொடுத்துக் கடைக்காரர் வெளியே அனுப்பிவிடுவார். விலை கேட்பவனுக்குத்தான் நாற்காலி, குளிர்ந்த தண்ணீர், "உக்காருங்க பெரியவரே" எல்லாம். காரைக்காலில் ஒரு சாமான் கடையில் கதிரவன் என்று ஒரு விற்பனையாளர் இருக்கிறார். எனக்கும் என் அண்ணிக்கும் அவர் ஏ.சி.யைப் போட்டுக் காட்டாத வாரம் கிடையாது. அண்ணி அதன் கீழே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. வூட்டுக்குப் போயி யோசிப்போம்" என்பார். வரிச்சிக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில், அதை எந்தச் சுவரில் மாட்டுவது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே வருவோம்.

நீங்கள் இதைக் கேட்கவில்லை என்று தெரியும் ஐயா. ஸ்டேஷனுக்கு அழைத்து வந்து காபியும் வாங்கிக் கொடுத்தீர்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் நியாயமாகத் தெரியும்.

என் அண்ணன் சிவசுப்பிரமணியன் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்தப் பென்ஷனில் சாப்பிடுகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று தேசத்தில் சண்டை போட்டதாக அவர் சொல்லுவார். மூன்று தேசத்திலும் உருளைக்கிழங்கு உரித்தார் என்பது என் கட்சி. எதுவானாலும் பென்ஷன் மாதாமாதம் கடல் தாண்டி வந்தது. அதில் மூன்று பேர் சாப்பிட்டோம்: அவர், அவர் மனைவி திரிபுரசுந்தரி, நான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமும் இல்லை, வேலையும் இல்லை. சண்முகசுந்தரத்துக்கு வேலை கிடைக்கவில்லை என்று ஊரில் பரிதாபமாகச் சொல்வார்கள். தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

அண்ணன் கஞ்சர். வீட்டில் ஒரே மின்விசிறி, அதுவும் கிறீச்சிடும். யாராவது வாசலில் நின்றால் உள்ளேயிருந்தபடியே திட்டி அனுப்புவார். அதனால் யாரும் வருவதில்லை. இந்த விஷயம் பின்னால் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள் தகவல் வந்தது. பென்ஷனைத் திருத்திவிட்டார்கள், பழைய பாக்கி மொத்தமாக வரப்போகிறது என்று. அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அண்ணிக்கு ஏ.சி. வேண்டும். எனக்கு, உட்கார்ந்தால் தானே முதுகைப் பிடித்துவிடும் நாற்காலி. கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், "ஒரு மண்ணும் வாங்க வாண்டாம்" என்றார். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் தானாகத்தான் செத்தார். நான் செய்யாத சாவை என் மேல் போடக்கூடாது.

அண்ணி வாயைத் திறந்தார். நான் கையால் மூடினேன். "பாக்கி வந்துரட்டும் அண்ணி. அப்புறமா அழுவலாம்" என்றேன். சொல்தா போனால் அவர் மனைவிக்குப் பாதிப் பென்ஷன் வரும், தம்பிக்கு ஒன்றும் வராது. அதை நான் சொல்லவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார், தலைக்கு மேல் கிறீச்சிட்ட மின்விசிறியைப் பார்த்தார், பிறகு அழுகையை விழுங்கிக்கொண்டார். நல்ல பெண்மணி. சொன்னதைப் புரிந்துகொள்வார்.

கொல்லையில் வாழை வைக்க ஏற்கெனவே குழி எடுத்திருந்தேன். அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக எடுத்தேன். பக்கத்து வீட்டுத் தேவிகா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, வாழைக்கன்றுக்கா இவ்வளவு பள்ளம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கன்றும் வைத்தேன். எனக்குப் பொய் சொல்வது பிடிக்காது.

அந்த வாழை போட்ட தாரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு ஆளால் தூக்க முடியவில்லை, மாட்டுவண்டி கேட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை. தெருவில் வீட்டுக்கு ஒரு சீப்பு கொடுத்தேன். எல்லாரும் ருசியாக இருந்தது என்றார்கள்.

பாக்கி வந்தது. அடுத்த மாதப் பென்ஷனும் வந்தது. வந்துகொண்டிருப்பதை நிறுத்த மனசு வரவில்லை. ஆள் உயிரோடிருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுச்சேரிக்குப் போய் முகத்தைக் காட்ட வேண்டும். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே முகம். அவருடைய தொப்பியையும் கண்ணாடியையும் போட்டுக்கொண்டால் எனக்கே சில சமயம் சந்தேகம் வரும். சௌக்கியமா என்று கேட்டால் 'சவா' என்பேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அண்ணனுக்கும் அதற்கு மேல் தெரியாது.

ஊரில் அண்ணன் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். காலையிலும் சாயங்காலமும் அவர் அறைக்குள் போய் அவருக்குப் பதிலாக நான் இருமிவிட்டு வருவேன். புகையிலை போட்டவர் இருமல், அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். ஒரு முறை ஹமீது பாய் டீக்கடையில், "எங்கண்ணன் செத்து ரொம்ப நாளாச்சு பாய்" என்று உண்மையையே சொல்லிப் பார்த்தேன். அரசலாற்றில் திமிங்கலம் வந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் நான் சொல்லி, பார்க்கத் திருநள்ளாற்றிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். அதனால் கடையே சிரித்தது. "அப்ப உள்ளார இருமறது யாரு, முனியா?" என்றார் பாய்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பணத்தைச் செலவு பண்ண முடியவில்லை. கஞ்சர் வீட்டுக்குப் புது ஏ.சி. வந்து இறங்கினால், கஞ்சர் இருக்கிறாரா என்று யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். எங்கள் வீட்டு மின்விசிறி கிறீச்சிடும் வரைக்கும்தான் அண்ணன் உயிரோடிருப்பார். அதனால் சாயங்காலமானால் நானும் அண்ணியும் உட்கார்ந்து என்னென்ன வாங்கலாம் என்று பேசுவோம். இரட்டைக் கதவு பிரிஜ், மாடியில் ஒரு அறை, காசிக்கு விமானம். மூன்று வருஷம் சந்தோஷமாக இருந்தோம் ஐயா. வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க மாட்டோம்.

பிறகுதான் அந்த இருமல். ஒரு நாள் காலை நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அறையில் அண்ணன் இருமினார். அண்ணி பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாய் நிறைய நுரையோடு நின்ற என்னைப் பார்த்த பிறகு அந்த இருமல் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அது வாரத்துக்கு ஒரு தடவை வந்தது, பிறகு தினமும் வந்தது. நான் இருமுவதை விட்டுவிட்டேன். தேவைப்படவில்லை.

அதிலிருந்து அண்ணி கடைக்கு வருவதில்லை. ஒரு சாயங்காலம், பழைய பழக்கத்தில், "இன்னைக்கு என்ன வாங்கலாம் அண்ணி?" என்றேன்.

"உங்க அண்ணனுக்கு ஒரு கருமாதி வாங்கணும் தம்பி" என்றார்.

ராமேசுவரம் போய்க் கமுக்கமாக முடித்துவிட்டு வந்துவிடலாம் என்றேன். நியாயமான யோசனைதான்.

"கமுக்கமா முடிக்க அவரு என்ன திருட்டு ஆடா? ஊரு கூடணும். நாலு பேரு கை நனைச்சிட்டு, சொல்தா கஞ்சப்பயதான், ஆனா நல்ல மனுசன்னு சொல்லணும். அப்பத்தான் அந்த இருமல் நிக்கும்."

"தாலிய எறக்கிருவாங்க அண்ணி."

"எறக்கட்டும். இத்தினி வருசமா அது என் கழுத்துல பொய் சொல்லிக்கிட்டுக் கெடக்கு."

நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பணம் நிற்கும், எனக்கு ஜெயில், இந்த வயதில் யார் எனக்குச் சோறு போடுவார்கள் என்றெல்லாம். அவர் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினார். அண்ணன் செத்த திதியன்று, அந்த வாழையிலேயே ஒரு காயை வெட்டிச் சமைத்துக் காக்கைக்கு வைத்தார். தேவிகா வீட்டு மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுத்தார். தேவிகா விவரம் தெரிந்தவள். அகத்திக்கீரையும் வாழைக்காயும் ஒரே நாளில் ஒரு வீட்டில் புழங்கினால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"யாருக்கு அத்தை திதி? மாமாதான் உள்ளார இருக்காங்களே" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ஆடி அமாவாசை வரட்டும் தேவிகா. கொளத்துல எள்ளுந்தண்ணி எறைச்சிட்டு வந்து உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றார் அண்ணி.

நான் கொல்லையில் நின்று இதைக் கேட்டேன். என் பின்னால் அறை ஜன்னலில் அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தது போலத்தான் இருந்தது. அன்றைக்கு இருமல் வரவில்லை.

ஆடி அமாவாசை விடிகாலையில் நானும் அண்ணியும் குளத்துக்குப் போனோம். படியெல்லாம் பாசி. திரும்பி வரும்போது நான் மட்டும் வந்தேன். வயதான கட்டை வழுக்கி விழுந்துவிட்டது என்று ஊரே சொன்னது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தேன், அது நிஜம்.

மனைவி செத்தால் கஞ்சர்கூடச் செலவு பண்ணுவார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு வருஷமாக வாங்க முடியாததையெல்லாம் அன்று ஒரே நாளில் வாங்கினேன். குளிர்ப்பெட்டி, பந்தல், மேளம், பூப்பல்லக்கு, இரண்டு ஊருக்குச் சாப்பாடு. கடைக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு கூறைப்புடவை எடுத்தேன். விலை கேட்கவில்லை. அண்ணியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தபோது, கடைசியில் ஆசைப்பட்ட குளிர்ச்சி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பெண்கள் வரிசையாக வந்தார்கள். மஞ்சளும் குங்குமமும் பூவுமாகப் போகிற சுமங்கலி அல்லவா. அவர் காலில் குங்குமத்தை வைத்து எடுத்துத் தங்கள் நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டார்கள். "இந்தச் சாவு யாருக்குக் கெடைக்கும்" என்று தேவிகா சொன்னாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அப்போது மாரியம்மாள் என்ற கிழவி, அண்ணிக்குப் பிறந்த வீட்டு உறவு, கோடிப்புடவையோடு வந்தவள், "எல்லாஞ் சரி. சொல்தா எங்க? தூக்கிக்கிட்டாவது வாங்க. அவரு கையாலதானே பொட்டு வெச்சி அனுப்பணும்" என்றாள்.

ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன், இது ஒன்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாக் கோணத்திலும் யோசித்தவன், பெண்டாட்டி செத்தால் புருஷன் வந்து நிற்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். அவருக்காக இருமி, அவருக்காகக் கையெழுத்துப் போட்டு, அவர் பங்குச் சோற்றையும் சாப்பிட்டு வந்ததில், அவர் உள்ளே இருக்கிறார் என்று நானே நம்பிவிட்டேன் போலிருக்கிறது. "இதோ அழைச்சிட்டு வரேன்" என்று எழுந்தேன். உண்மையாகவே அழைக்கத்தான் எழுந்தேன்.

நான் அறைக் கதவுக்குப் போவதற்குள் உள்ளே இருமல் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டது என்று எழுதிவிடாதீர்கள். மேளம் நின்றது. "மாமா முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று தேவிகா முந்திக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள். கட்டிலில் சுருக்கம் விழாத விரிப்பு. தலையணை மேல் தொப்பி. வேறு ஒருவரும் இல்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாழைக்கு அடியில் தோண்டச் சொல்லி நான்தான் கையைக் காட்டினேன்.

குளத்தில் நடந்ததை இதுவரை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அண்ணனைத் தோண்டுவதிலேயே இருக்கிறார்கள். நானே சொல்லிவிடுகிறேன். அண்ணி இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளைக் கையில் எடுத்தார். பொம்பளை இறைக்கலாமா என்று கேட்டேன். "எறைக்க வேண்டிய தம்பி எறைக்கலையே" என்றார். முழுக்க இறைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அந்த அளவுக்கு எனக்கு ஈரம் உண்டு. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டபோது பின்னால் இறங்கி அவர் தலைமேல் இரண்டு கையையும் வைத்தேன். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆசீர்வாதம் பண்ணுவது போலத்தான் தெரிந்திருக்கும். மூத்தவருக்கு இளையவன் ஆசீர்வாதம் பண்ணக்கூடாது, அது ஒன்றுதான் முறைகேடு. தண்ணீர் அடங்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. அவரைக் கரையேற்றி, அவர் நெற்றியில் கலைந்திருந்த குங்குமத்தைச் சரியாக வைத்துவிட்ட பிறகுதான் கூச்சல் போட்டேன்.

இவ்வளவுதான் ஐயா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், என் பெயரிலோ அண்ணன் பெயரிலோ. ஒரே ஒரு வேண்டுகோள். உண்மை தெரிந்ததும் அந்தப் பெண்கள் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போனார்கள், அது எனக்குத் தாங்கவில்லை. நீங்களாவது காகிதத்தில் அண்ணி பெயருக்கு முன்னால் விதவை என்று எழுதாதீர்கள். அவரைச் சுமங்கலியாக நான் அனுப்பிவைத்திருக்கிறேன். அந்தப் பாக்கியத்தை என் அண்ணனால்கூட அவருக்குக் கொடுக்க முடியவில்லை.