மூன்று மோட்டார் பியூஸ்கள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சார். உங்கள் மின்விசிறி ஆட்டம் காண்கிறது. யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி விஷயத்தைக் கண்டும் காணாமல் இருக்க எனக்கு வராது.

அந்த அலுவலகக் கட்டிடத்தில் இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். இறந்துபோனவர் என் அக்காவைக் கட்டியவர், அதனால் அத்தான். பராமரிப்பு மேலாளர், அதனால் மேலதிகாரி. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கில் குனிவது முதுகுக்கு நல்லதில்லை. மற்றபடி எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது.

தன் அறைக்கு இரண்டு ஏசி போட்டுக்கொண்டார். அந்த அறையின் மரத்தரைக்கு அடியில் போகும் பழைய கேபிள் அதைத் தாங்காது. வாரம் ஒருமுறை பியூஸ் போனது. கேபிளை மாற்றுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.

கேபிளுக்குப் போடும் பியூஸ், லோடு மிஞ்சினால் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அறுந்துவிடும். மோட்டார் பியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. மோட்டார் கிளம்பும்போது கரண்டை அள்ளி இழுக்கும், அதற்கெல்லாம் அறுந்தால் பிழைப்பு நடக்காது. லோடைக் கவனிக்க ரிலே என்று தனியாக ஒன்று வைப்பார்கள். ஷார்ட் ஆனால்தான் இந்த மகராசன் எழுந்திருப்பான். இரண்டும் ஒரே அளவு வெள்ளைப் பீங்கான். மேலே அச்சடித்த எழுத்துதான் வேறு: கேபிளுக்கு gG, மோட்டாருக்கு aM.

இதைத்தான் ஒருநாள் கேன்டீனில் அத்தானிடம் விளக்கினேன்.

"என்ன மாப்ளே, விஞ்ஞானி மாதிரி அளக்குற? ரெண்டும் ஒண்ணுதான். போகாததா பாத்து ஒண்ணைப் போடு" என்றார்.

கேன்டீனே சிரித்தது. வாசல் காவலாளிகூடச் சிரித்தார். அவருடைய டார்ச்சைப் போன வாரம்தான் நான் சரிசெய்து கொடுத்திருந்தேன்.

"சரிங்க அத்தான்" என்றேன்.

அன்றே மூன்று மோட்டார் பியூஸ்களை மாட்டினேன். ரிலே வைக்கவில்லை. அவர் கேட்கவில்லையே. பன்னிரண்டு நாள் ஒன்றுகூடப் போகவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று தோளில் தட்டினார். பத்தாம் நாள் மட்டும் மூக்கைச் சுளித்தார்.

"ஏதோ வாடை வருதுடா."

"எலி செத்திருக்கும் அத்தான்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் ஒரு மணி நேரம் தூங்குவார். இடி விழுந்தாலும் எழ மாட்டார். பதிமூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. இரண்டு ஏசியையும் முழு வேகத்தில் வைத்தேன். தூக்கம் கெடக்கூடாதே என்று கதவை வெளியே தாழிட்டேன். அவர் அறை இருந்த மாடியில் வேலை பார்த்த ஏழு பேரையும் டீ குடிக்கக் கூட்டிப் போனேன். காவலாளியையும்தான். எனக்கு யார்மேலும் வஞ்சம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்சுலேஷன் உருகி, கம்பியும் கம்பியும் தொட்ட பிறகு மூன்று பியூஸும் ஒழுங்காகப் போயின. அவற்றின் வேலை அதுதான். அதற்குள் அறை முழுக்கப் புகை.

அக்கா இன்னும் என்னைப் பிடித்துக்கொண்டுதான் அழுகிறாள். "கடைசியா என்னடா பேசினாரு?" என்று கேட்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. இல்லாவிட்டால் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால், அங்கிருந்து கழற்றி வந்து உங்கள் மேசையில் வைத்திருக்கும் அந்தப் பியூஸைக் கொஞ்சம் திருப்பி, எழுத்தைப் படியுங்கள்.

இப்போது சொல்லட்டும் அத்தான், இரண்டும் ஒன்றுதான் என்று.